பென் நெவிசுக்குத் தனியே போகும் மணியத்துக்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு நண்பன் மணியத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். நம் தோட்டத்தில் மிச்சமிருந்த ரப்பர் மரங்களையும் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள் என்பதைத் தவிரப் புதிய செய்தி இல்லை. ஜனவரியில் நீ தனியாக ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் ஏறப்போவதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நம் கோர்பு மலையே 2,183 மீட்டர், அது 1,345 மீட்டர்தானே என்று எண்ணாதே. பகல் வெளிச்சமே ஏறக்குறைய ஏழு மணி நேரம்தான் இருக்கும் அந்த மாதத்தில், கணுக்கால் பிசகி உச்சிக் காற்றில் அசைய முடியாமல் கிடப்பவனின் உடல் வெப்பம் விரைவில் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிடும். அதன்பின் நடுக்கம் நின்றால், உடல் தேறிவிட்டது என்று பொருளில்லை; நிலைமை முற்றிவிட்டது என்றே பொருள்.

பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் டிரான்சீவரை வாங்கியிருப்பதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறாய். பக்கத்தில் இன்னொருவர் அதே கருவியோடும் மண்வெட்டியோடும் நின்று, கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் அது உயிர் காக்கும். உன்னோடு யார் வருகிறார்கள்? முன்னறிவிப்பைப் பார்த்து, 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த பனிச்சரிவுகளில் கால் வைக்காமல் இருப்பதுதான் உனக்குப் பாதுகாப்பு. அந்தப் பணத்துக்கு, செல்பேசிக்கு அலை கிடைக்காத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியை வாங்கியிருக்கலாம்.

மேகம் கவிந்தால் ஹெலிகாப்டர் நெருங்க முடியாது; மீட்புக் குழுவினர் நடந்துதான் வருவார்கள். அதுவரை தாக்குப்பிடிக்க, உள்ளே புகுந்துகொள்ளும் பிவி பையும், பனியில் படாமல் உட்காரப் பாயும், உலர்ந்த கையுறையும் வேண்டும். செல்பேசியைச் சட்டைக்குள் வைத்துக்கொள், குளிரில் மின்கலம் சீக்கிரம் செத்துவிடும். விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊத வேண்டும். 999ஐ அழைத்தால் முதலில் போலீஸையும், பிறகு மலை மீட்புக் குழுவையும் கேள்.

இவற்றைவிட முக்கியமானது, நீ திரும்பவில்லை என்பதைக் கவனிக்க ஓர் ஆள். அந்நாளில் ரப்பர் பால் நிறுக்கும் நேரத்துக்கு ஒருவர் வந்து சேராவிட்டால், அவர் பால் வெட்டும் மர நிரையை அறிந்த கங்காணி நேரே அங்கே ஆள் அனுப்புவார் அல்லவா? அதுபோல் உன் பாதையையும், எத்தனை மணிக்குப் பிறகு போலீஸை அழைக்க வேண்டும் என்பதையும் விடுதிக்காரரிடம் எழுதிக் கொடு. என்னை நம்பாதே; அங்கே மாலை ஆறு என்றால் இங்கே அதிகாலை இரண்டு மணி. இறங்கியதும் முதலில் அவரிடம் சொல், இல்லாவிட்டால் கட்டிலில் உறங்கும் உன்னைத் தேடித் தன்னார்வலர்கள் இரவெல்லாம் மலையில் அலைவார்கள்.

அன்புடன்,
கணேசன்