தம்பி, எதை வாங்கினாலும் திருப்பிப் பாத்து வாங்குய்யா

தம்பி, நல்லா இருக்கியாய்யா. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்க, மெசேஜ் போட்டா ப்ளூ டிக் மட்டும் வருது. அவனுக்கு வேலை ஜாஸ்தி விடுன்னு அப்பா சொல்லுதாக. பாப்பா, நான் டைப் பண்ணித் தாரேம்மான்னா, வேண்டாம்னுட்டு நானே ஒவ்வொரு எழுத்தா அடிக்கேன், தப்பு இருந்தா சிரிக்காத.

இங்க தீப்பெட்டி ஆபீஸ்ல இப்பல்லாம் வாரம் பூரா வேலை இல்ல. பண்டல் பண்டலா சரக்கு தேங்கிக் கெடக்கு, முதலாளி முகத்தைப் பாக்கவே முடியல. எல்லாத்துக்கும் லைட்டர்தான் காரணங்காங்க. மெஷின் வந்தப்பவே பாதிப் பேரு வீட்டுக்கு வந்துட்டாங்களேம்மான்னு நீ சொல்லுவ, அதுவும் நெசந்தான், கட்டையில குச்சி அடுக்க பெட்டி ஒட்ட மருந்து முக்கன்னு தெருவுக்குத் தெரு கை இருந்த ஊருதான இது. ஆனா மெஷின்ல செஞ்சாலும் குச்சி இங்கதான செஞ்சாங்க, காசு கோவில்பட்டி சாத்தூர் சிவகாசின்னு இந்தப் பக்கமே சுத்துச்சுல்லா.

நீதான் கணக்குல புலியாச்சே, போட்டுப் பாரு. 2007ல 50 பைசா பெட்டி 1 ரூபா ஆச்சு. அதுக்கப்புறம் அரிசி ஏறுச்சு பஸ் ஏறுச்சு, பெட்டி மட்டும் 14 வருசம் அதே 1 ரூபாதான். 2021 டிசம்பர்லதான் 2 ரூபா ஆக்குனாங்க, அதுவும் சைடுல தடவுற சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபால இருந்து 810க்குப் போயி, மெழுகு, அட்டை எல்லாம் ஏறி, இனி தாங்காதுன்னு ஆனப்பறம். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டி யாவாரத்தைத் தின்னுருதுன்னு 2022ல முதலமைச்சரே டெல்லிக்கு லெட்டர் எழுதுனாரு. 2023 ஜூன்ல 20 ரூபாய்க்கு உள்ள இருக்க லைட்டரை வெளிநாட்டுல இருந்து இறக்கக் கூடாதுன்னு ஆர்டர் வந்துச்சு, அன்னைக்கு ஆபீஸ்ல மிட்டாய்லாம் குடுத்தாங்க. அப்பறம் பாத்தா பார்ட்ஸ் பார்ட்ஸா இறக்கி இங்க வெச்சு மாட்டுதாங்களாம். 2024 அக்டோபர்ல பார்ட்ஸுக்கும் கட்டுப்பாடு போட்டாங்க. ஆனா பெட்டிக்கடையில தொங்குறது தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு. வாங்குறவன் நிப்பாட்டாம சட்டம் மட்டும் என்ன செய்யும்.

அதான் சொல்லுதேன், எதை வாங்கினாலும் திருப்பிப் பாத்து வாங்கு, எந்த ஊர்ல செஞ்சதுன்னு போட்டிருக்கும். நீ அனுப்புன எமர்ஜென்சி லைட்டு எரியல, கடைக்காரர் தொறந்து பாத்துட்டு இதுக்கு சாமானே கெடைக்காதுக்கான்னுட்டாரு. நீ ஆசையா அனுப்புனது, குத்தம் சொல்லல.

போன தடவை நீ வந்துட்டுப் போனதும் அந்த நீல ஜீன்ஸை ஊறப் போட எடுத்தேன், பையில ஒரு லைட்டர் இருந்துச்சு. கொசுவத்திக்கு வாங்கிருப்பன்னு நெனச்சுக்கிட்டேன். கரண்டு போனா மெழுகுவத்தி பத்த வைக்கவும் வேணும்லா. இல்ல ரூம்ல கூட இருக்க பையனோடது மாறி வந்திருக்கும். அப்பா கண்ணுல படாம பீரோவுல என் சேலைக்கு அடியில வெச்சிருக்கேன். எனக்கு வருத்தம் என்னன்னா, எட்டாவதோட நின்னு கட்டை அடுக்கப் போனவ மகன் இஞ்சினியருன்னு ஆபீஸ்ல எல்லாருட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், அவன் பையில போயி லைட்டர் இருந்தா யாரும் என்ன நெனப்பாங்க. அதுக்குத்தான் சொல்லுதேன், வேற ஒண்ணும் இல்ல.

சரி, உனக்கு ஒரு பண்டல் நம்ம பெட்டி அனுப்பலாம்னு பாத்தா கூரியர்ல தீப்பெட்டி எடுக்க மாட்டாங்களாம். யாருட்டயாவது குடுத்து விடலாம்னு நெனச்சேன், அப்பறம் அதுவும் வேண்டாம்னு தோணிருச்சு. கடையில 2 ரூபா குடுத்து பெட்டி வாங்குறவனெல்லாம் சாமிக்கு வெளக்கேத்தவா வாங்குதான்? அவனுக நிப்பாட்டுனா எங்க ஆபீஸுக்கும் பூட்டுதான். இத்தனை வருசம் அந்தக் கூலியில சாப்பிட்டுட்டு நான் அதை நெனச்சதே இல்லய்யா, பெரிய மாமா விசயத்துல கூட நெனக்கல. அவுக சட்டைப் பையில எப்பவும் எங்க ஆபீஸ் பெட்டிதான் இருக்கும், எங்க அக்கா தங்கச்சி அடைச்ச குச்சின்னு எல்லாருட்டயும் காட்டுவாக, எனக்கும் பெருமையாத்தான் இருக்கும். கடைசியில ஆஸ்பத்திரியில நீயும்தான கூட இருந்த. அந்த இருமல் சத்தம் உனக்கு மறந்துருச்சா? எனக்கு மறக்கல.

லைட்டரும் வேண்டாம் தீப்பெட்டியும் வேண்டாம், ஒரு கொசுவலை வாங்கிக் கட்டிக்கோ. கரூர்ல செய்யுத வலை நல்லா இருக்கும், திருப்பிப் பாத்து வாங்கு. காசு பத்தலன்னா சொல்லு, அப்பாவுக்குத் தெரியாம போட்டு விடுதேன்.

பாப்பாவுக்கு காலேஜ் சீட் கெடச்சுருச்சு, அதைச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன். பி.காம்.

ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிக்கு மேல போன் பண்ணு. பாப்பா கிளாஸ் போயிருவா, அப்பா கடைத்தெருவுக்குப் போயிருப்பாக, நான் மட்டும்தான் இருப்பேன்.