கலை நாட்குறிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே,

எழுத்து, வர்ணம், ஒட்டுத்தாள் ஆகியவற்றைச் சேர்த்து நாட்குறிப்புப் பக்கங்களை உருவாக்குவதற்காக, கொழும்பு வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் கூடிவரும் எமது வட்டத்தின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகளை இச்சபையில் சமர்ப்பிக்கிறேன். கடும் மழை பெய்த சில வாரங்கள் தவிர, அமர்வுகள் ஒழுங்காக நடைபெற்றன.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதி வர்ணங்களின் விலை பெரிதும் உயர்ந்ததை மனங்கொண்டு, எல்லோருக்கும் எட்டக்கூடிய சீ.ஆர். எனப்படும் சாதாரண எழுத்துக் கொப்பியையே இவ்வாண்டும் பயன்படுத்தினோம். அதன் மெல்லிய தாள் ஈரத்தில் சுருங்குமாதலால், இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டி, அதன்மேல் ஜெஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசினோம். ஒட்டுவேலையால் கொப்பி பருத்து முதுகு பிரியாதிருக்க இடையிடையே சில தாள்களைக் கிழித்தெடுத்தோம். கொழும்பின் ஈரக்காற்றில் அக்ரிலிக் வர்ணம் பூசிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், அவற்றுக்கிடையே மெழுகுத்தாள் வைப்பது எமது வழக்கமாயிற்று. காலி வீதிப் பேருந்துச் சீட்டு, மருந்துக்கடைப் பற்றுச்சீட்டு, கோயில் திருவிழா அழைப்பிதழ், பழைய சேலையின் கரை ஆகியவற்றையே அங்கத்தவர்கள் அதிகம் ஒட்டினர். கடையில் வாங்கிய அலங்காரத் தாளைவிட இவை அந்தந்த நாளை உண்மையாகச் சொல்கின்றன என்பது என் துணிபு.

“எனக்குச் சித்திரம் வராது” என்று தயங்கியோரே புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமல் குழுவினர் 2016 இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றை இவர்களுக்கு எடுத்துரைத்தோம். அதில் 39 பேர் 45 நிமிடங்கள் கலைவேலையில் ஈடுபட்டபின், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரிடம் மன அழுத்தத்தோடு தொடர்புடைய கோர்ட்டிசோல் என்னும் ஹோர்மோனின் அளவு குறைந்திருந்தது. முன்னனுபவம் இருந்ததா இல்லையா என்பது வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை.

ஆண்டின் முக்கிய விவாதம், சிறந்த பக்கங்களைக் காட்சிப்படுத்திப் பரிசு வழங்கலாம் என்ற முன்மொழிவைப் பற்றியதாகும். முன்மொழிந்தவரின் நோக்கம் நல்லதே. ஆயினும், நீண்ட கலந்துரையாடலின் பின் நிர்வாகசபை அதனை ஏற்கவில்லை. அம்முடிவை நான் முழுமனதுடன் ஆதரித்தேன். பலர் நெருங்கி வாழும் மாடிக் குடியிருப்புகளில் ஒருவரின் நாட்குறிப்பை மற்றவர் பார்க்காதிருப்பது அரிது. எழுத்தும் வர்ணமும் ஒட்டுத்தாளும் சேரும் கலப்பு ஊடகத்திலோ, மனத்திலுள்ளதை முழுவதும் எழுதியபின் அதன்மேல் வர்ணம் பூசலாம், தாள் ஒட்டலாம், வேண்டிய இரண்டு சொற்களை மட்டும் வெளியே விடலாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காலஞ்சென்ற தம் கணவருக்கு மாதக்கணக்கில் எழுதிவந்த கடிதங்களை இவ்வாறே ஒவ்வொன்றாக மூடினார். பின்னர், வீட்டில் எவரிடமும் சொல்லாதிருந்த ஒரு மனத்தாங்கலைத் தம் மகளிடம் தாமாகவே பேசியதாக எமக்குத் தெரிவித்தார். நடுவருக்காக வரைந்த பக்கத்தில் இது நிகழ்ந்திருக்க வழியில்லை. ஆகவே, பக்கத்தைக் காட்டுவதும் காட்டாதிருப்பதும் அவரவர் விருப்பம் என்ற விதி அப்படியே நீடிக்கிறது.

அதேவேளை, இப்பயிற்சியை மருத்துவத்துக்கு மாற்றாக எவரும் கருதலாகாது. ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைத் துன்புறுத்திய அனுபவத்தைப் பற்றி அடுத்தடுத்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடங்கள் எழுதிய மாணவர்கள் பிற்பட்ட மாதங்களில் மருத்துவ நிலையத்தைக் குறைவாகவே நாடினர். ஆனால் எழுதி முடித்த வேளையில் அவர்களது மனநிலை தாழ்ந்தே இருந்தது. எனவே அமர்வின் இறுதிப் பகுதியை எழுத்தின்றி வர்ணம் பூசுவதற்கு மட்டும் ஒதுக்கினோம். தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926 ஐயும் மண்டபச் சுவரில் ஒட்டியுள்ளோம்.

வரும் ஆண்டில், வேலைக்குச் செல்வோருக்காக மாலை அமர்வொன்றைத் தொடங்கவும், பொதுப் பாவனைக்கென ஜெஸோவை மொத்தமாக வாங்கவும் சபையின் அங்கீகாரத்தைக் கோருகிறேன். இடவசதி தந்தோருக்கும், தாள்களைச் சேகரித்துக் கொடுத்த அயலவர்களுக்கும் வட்டத்தின் நன்றி உரித்தாகுக. கணக்கறிக்கையைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார்.

செயலாளர்