ராக்வெல் எண்ணை மட்டும் நம்பி ஆன்வில் வாங்க வேண்டாம்: மதுரை வட்டார எம்-சாண்ட் ஆலை உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். ஆற்று மணலுக்கு மாற்றாக மதுரையைச் சுற்றி எழுந்துள்ள எம்-சாண்ட் ஆலைகளில், சுழலும் ரோட்டர் வீசும் கல்லை நேருக்கு நேர் வாங்கி உடைக்கும் ஆன்வில் என்ற வார்ப்புக் கட்டிகளும், எந்திரத்தின் உட்புறத்தைக் காக்கும் லைனர் தகடுகளும் ஓயாமல் தேய்ந்து பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. புதிதாக வாங்கும்போது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தாம் கேட்கப்படுகின்றன: கிலோ என்ன விலை, ராக்வெல் என்னும் கடின அளவு எத்தனை? வார்ப்பாலையில் தரச் சோதனை பார்ப்பவன் என்ற முறையில், இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் விடையை வைத்துத் தேய்மானத்தைக் கணிக்க முடியாது என்பதை உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டிலும் நைஸ் பாறையிலும் உள்ள குவார்ட்ஸின் கடினம் விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 வரை இருக்கும். நிக்கலுடன் சிறிதளவு குரோமியம் சேர்த்து வார்க்கப்படும் நி-ஹார்டு இரும்பில் உருவாகும் சிமென்டைட் வகைக் கார்பைடு (உலோகமும் கார்பனும் சேர்ந்த கடினமான துகள்) 800 முதல் 1,100 வரைதான் வரும்; குரோமியம் 12 விழுக்காட்டுக்கு மேல் உள்ள, ஹை குரோம் எனப்படும் வெள்ளை வார்ப்பிரும்பிலோ வேறு வகைக் கார்பைடு உருவாகி, அதன் கடினம் 1,300 முதல் 1,800 வரை செல்கிறது. அதாவது, நம் கல் முன்னதைக் கீறிவிடும். பின்னதை எளிதில் கீறாது. ஆனாலும் இரண்டு வார்ப்புகளும் ராக்வெல் சி அளவில் 60 காட்டக்கூடும். ஏனெனில் சோதனைக் கருவியின் வைரக் கூம்பு, கார்பைடுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள உலோகத்தையும் சேர்த்தே அழுத்தி ஒரு சராசரியைத்தான் சொல்கிறது.

சுற்றியுள்ள அந்த உலோகமும் சாதாரணமானதன்று. அது பியர்லைட் என்ற மென்மையான உள்ளமைப்பில் இருந்தால், மணல் முதலில் அதை அரித்துவிடும். பிடிமானம் இழந்த கார்பைடு எவ்வளவு கடினமானதாக இருந்தும் உடைந்து உதிரும். இதைத் தவிர்க்கவே ஹை குரோம் வார்ப்புகளை 950 முதல் 1,050 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, சில மணி நேரம் வைத்திருந்து, காற்றில் விரைவாகக் குளிரச் செய்து மார்டென்சைட் என்ற கடினமான உள்ளமைப்பாக மாற்றுகிறோம். தடித்த ஆன்வில்லின் உட்பகுதி மெதுவாகக் குளிர்வதால், மாலிப்டினம், நிக்கல் அல்லது தாமிரம் போதிய அளவு சேர்க்கப்படாவிட்டால், மேற்பரப்பு மார்டென்சைட்டாகவும் நடுப்பகுதி பியர்லைட்டாகவும் நின்றுவிடுகின்றன. உங்கள் முற்றத்தில் நடக்கும் சோதனை மேற்பரப்பில் மட்டுமே நடக்கிறது. முதல் சில வாரங்கள் நன்றாக ஓடிய ஆன்வில் திடீரெனக் கரையத் தொடங்கினால், கல்லைக் குறை சொல்லுமுன் அதை அறுத்து நடுப்பகுதியைச் சோதித்துப் பாருங்கள்.

ராக்வெல் எண் கூடுதலாக வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்தும்போது, சில வார்ப்பாலைகள் கார்பனைக் கூட்டிவிடுகின்றன. கார்பைடு தடித்து வளர்வதால் எண்ணும் கூடும். அடி விழுந்தால் வார்ப்பு பிளந்தும் போகும். இதே காரணத்தால்தான் பெருங்கற்களை முதலில் நெரித்து உடைக்கும் எந்திரத்தின் ஜா பிளேட்டுக்கு (தாடைத் தகட்டுக்கு) ஹை குரோம் கேட்பது வீண். அங்கே ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டறிந்த மாங்கனீசு எஃகே பொருந்தும். பிரினெல் என்ற மற்றொரு கடின அளவில் ஏறத்தாழ 200இல் தொடங்கும் அது, பெருங்கற்களின் அடியிலேயே 500 வரை இறுகுகிறது. அத்தகைய கனத்த அடி இல்லாத இடத்தில் அதே எஃகு இறுகாமலே தேய்ந்துபோகும்.

ஆகவே, உங்கள் கொள்முதல் ஆணையில் தேய்மானம் தாங்கும் வார்ப்பிரும்புக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 4771இன்படி எந்த ரகம் என்பதைக் குறிப்பிடுங்கள். வேதியியல் அறிக்கை, வெப்பப்பதன வரைபடம், அதே உருகிய உலோகத்தில் வார்த்து அதே உலையில் பதப்படுத்திய சோதனைத் துண்டின் நுண்ணோக்கிப் படம் ஆகியவற்றையும் கேளுங்கள். இவற்றைத் தர மறுக்கும் வார்ப்பாலையின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எனக்கு அது மலிவாகத் தோன்றாது.

உங்கள் சங்கத்திடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஆன்வில் வளையம் சுழலாமல் நிற்பதால் எடைச் சமன் பற்றிய கவலை அங்கே இல்லை. எனவே இரண்டு வார்ப்பாலைகளின் ஆன்வில்களை ஒன்றுவிட்டு ஒன்றாக ஒரே வளையத்தில் பொருத்தலாம். கல்லும் வேகமும் ஈரமும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், பொருத்தும் முன்னும் கழற்றிய பின்னும் எடுத்த எடைகளின் வேறுபாடே தேய்மானத்தைக் காட்டிவிடும். அதை அந்தக் காலத்தில் அரைத்த டன் கணக்கோடு சேர்த்து எழுதி, ஒரு டன் மணலுக்கு ஆன்வில் செலவு எவ்வளவு என்று உறுப்பினர்களுக்குள் பகிர்ந்துகொள்ளுங்கள். கிலோ விலை கேட்கும் வழக்கத்தை அந்தக் கணக்கு மாற்றிவிடும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வார்ப்பாலைத் தரச் சோதகர் ஒருவர்,
கப்பலூர், மதுரை