பங்கிடும் கை பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பல ஊர்களில், உள்ளூர் இளைஞர் திட்டங்களில் எதற்கு எவ்வளவு நிதி என்பதைப் பள்ளி மாணவர்களே கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும் என்பதற்காகவே பிள்ளைகளை இந்தக் குழுக்களுக்கு அனுப்பும் பெற்றோரும் உண்டு. வரி மட்டும் போதுமென்றால் அதற்கு எளிய வழிகள் வேறு இருக்கின்றன. இது கணக்கும் வாக்குவாதமும் நிறைந்த வேலை. நடத்தத் தெரியாமல் நடத்தினால் பெரியவர்கள் எடுத்த முடிவுக்குப் பிள்ளைகள் கைதூக்கும் சடங்காகிவிடும்.

கார்ன்ஃப்ளேக்ஸ் நிறுவனத்தின் கெல்லாக் 1930-இல் தொடங்கிய அறக்கட்டளை மிச்சிகனின் பேட்டில் கிரீக் நகரில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அது மிச்சிகனின் ஊர் அறக்கட்டளைகளுக்கு (ஊராரிடம் நிதி திரட்டி அந்த ஊருக்கே செலவிடும் அமைப்புகள்) ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் டாலர் வரை தர முன்வந்தது. அவையும் தம் பங்குக்குத் திரட்ட வேண்டும், கெல்லாக் தரும் பணம் இளைஞர்களுக்கான நிரந்தர வைப்பாக இருக்க வேண்டும், அதைப் பங்கிட இளைஞர் குழு அமைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். வைப்புத் தொகையைத் தொடுவதில்லை; அது ஈட்டும் வருமானத்தைத்தான் பங்கிடுகிறார்கள். ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் எடுத்தால் 10 லட்சத்துக்கு 40,000 முதல் 50,000 டாலர் பங்கிடக் கிடைக்கும். இந்தக் குழுக்கள் இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்போம். வருடா வருடம் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

1998-இல் மிச்சிகன் சட்டம், 16, 17 வயதினர் இலாபநோக்கற்ற அமைப்புகளின் இயக்குநர் குழுவில் அமரவும் வழிசெய்தது. ஆனாலும் இளைஞர் குழுவின் தீர்மானம் பரிந்துரைதான். கடைசி ஒப்புதல் அறக்கட்டளையின் இயக்குநர்களுடையது. அவர்கள் எந்தக் காரணத்துக்காக மட்டும் மறுக்கலாம் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பணம் பெறும் அமைப்புக்கு வரிவிலக்குத் தகுதி இல்லை என்றால் மறுக்கலாம். ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்காக ஒருமுறை மறுத்தாலும் அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். தகுதியில்லாத மாணவர் குழுக்களை விட்டுவிடவும் வேண்டாம். பள்ளியோ நூலகமோ அவர்களுக்காகப் பணத்தைப் பெற்றுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

குழுவுக்கு 15 முதல் 20 பேர் போதும். எல்லாரும் 12ஆம் வகுப்பாக இருந்தால் அடுத்த ஆண்டு அறை காலி. முதல் மதிப்பெண்காரர்களாகவே பொறுக்கினால், மாலையில் போக இடமில்லாத பிள்ளையின் நிலை அந்த மேசைக்கு வராது. அந்தப் பிள்ளை வர வேண்டுமென்றால் அழைத்து வரக் காரும் சாப்பிடப் பீட்சாவும் வேண்டும். இதைச் செலவுக் கணக்கில் சேர்க்காத குழுக்களே அதிகம் ஆட்டம் காண்கின்றன.

முதல் வேலை, ஊர்ப் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பது. ‘இளைஞர்களின் பெரிய பிரச்சினை எது?’ என்று கேட்டால் செய்தியில் பார்த்ததைத்தான் எழுதுவார்கள். ‘போன வாரம் பள்ளி விட்டதும் எங்கே போனாய்? போக ஆசைப்பட்டும் போக முடியாத இடம் எது, ஏன்?’ என்று கேட்டால் பஸ் இல்லை, கட்டணம் கட்ட முடியவில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று உண்மை வரும். விண்ணப்பம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நீண்டால், விண்ணப்பம் எழுதவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் பெரிய அமைப்புகள் ஜெயிக்கும்.

மதிப்பெண் போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1 முதல் 5 வரை போட்டுச் சராசரி எடுப்பது வழக்கம். ஒரு விண்ணப்பத்துக்கு எல்லாரும் 3 போட்டாலும், பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 போட்டாலும் சராசரி 3தான். இரண்டாவதில் யாரோ ஒருவருக்கு மற்றவருக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது. சிதறல் அதிகமுள்ளதை முதலில் எடுத்துப் பேச வேண்டும். முடிந்தால் இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும்.

அடுத்தது, மனம் நோகக் கூடாதென்று சமமாகப் பிரிப்பது. 20,000 டாலரைப் பத்துப் பேருக்கு 2,000 வீதம் கொடுத்தால் நியாயம் போலத் தெரியும். ஆனால் 6,000 தேவைப்படும் நீச்சல் பயிற்சி 2,000-இல் நடக்காது. கேட்டதில் முக்கால் பங்குக்குக் குறைவாகக் கொடுப்பதாக இருந்தால், ‘இதை வைத்து எதைச் செய்வீர்கள்?’ என்று போன் செய்து கேட்க வேண்டும். பதில் சரியில்லையென்றால் கொடுக்கவே வேண்டாம்.

தன் பள்ளியின் ரோபோ அணி விண்ணப்பித்திருந்தால் அந்த மாணவர் வாக்களிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, அறையை விட்டே போக வேண்டும். நண்பன் உட்கார்ந்திருக்கும்போது யார் குறை சொல்வார்கள்? வழிகாட்டும் பெரியவர் ஒருவர் போதும். கேட்டால் மட்டும் பேச வேண்டும். அவர் முகச்சுளிப்பே ஒரு வாக்குதான்.

தமிழ்ச் சங்கங்களும் இதைச் செய்யலாம். விழா மேடையில் நாற்காலி அடுக்குவதே இளைஞர் அணியின் வேலை என்று வைத்திருப்பது வீண். மொத்தம் 2,000 டாலரை நான்கு நிதியுதவிகளாகக் கொடுத்தால் போதும். செப்டம்பரில் குழுவைக் கூட்டினால் மார்ச்சில் காசோலை கொடுத்துவிடலாம். மே மாதத்துக்குத் தள்ளினால் கோடைத் திட்டங்கள் ஆள் சேர்த்து முடித்திருக்கும்; அந்தப் பணம் அடுத்த கோடைக்குத்தான் உதவும்.

இப்படிக்கு,
இளைஞர் நிதிக் குழுக்களுக்கு வழிகாட்டும் வாசகர்கள்,
மிச்சிகன்.