ஒரு எண் இறங்கினால் லேசான மாற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைக்காய்கறி நிலத்தின் பி.எச். (மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-லிருந்து 5-க்கு இறங்குவது 'லேசான மாற்றம்தான்' என்று சென்ற வார வேளாண் பக்கத்தில் படித்தேன். லேசானதே அல்ல. அந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. 6-ஐவிட 5-இல், புளிப்புக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு; 4-இல் நூறு மடங்கு. 1909-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் (ஆம், பீர் கம்பெனியின் ஆய்வகம்தான்) இருந்த வேதியியலாளர் சோரன்சன், வரிசையாகப் பூஜ்யம் எழுதும் தொல்லை தீரச் செய்த சுருக்கம் இது. எண் சிறுத்ததும் மாற்றமும் சிறிதென்று நாம் ஏமாந்துபோகிறோம்.

கோத்தகிரியில் எங்கள் வேலியோரம் ஹைட்ரேஞ்சியா நீலமாகத்தான் பூக்கும். காம்பவுண்டு சுவர் எழுப்பிய பிறகு, சுவரை ஒட்டிய செடிகளில் மட்டும் ரோஸ் நிறம் வந்தது. "வேற செடி நட்டுட்டியா?" என்றார் மாமியார். சிமெண்டிலிருந்து கசிந்த சுண்ணாம்பு செய்த வேலை அது. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து பூவுக்கு ஏறினால் நீலம். சுண்ணாம்பு சேர்ந்தால் மண்ணின் புளிப்பு குறையும்; அலுமினியம் கரையாது, பூ ரோஸாகிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அது வேறு: அங்கே சுண்ணாம்பின் காரம் பட்டு மஞ்சளே நிறம் மாறுகிறது.

அதற்காக எல்லா நிலத்துக்கும் சுண்ணாம்பு போடச் சொல்லிவிடாதீர்கள். நான் பட்டிருக்கிறேன். கேரட் பாத்திக்குப் போட்டு நல்ல பலன் கிடைத்ததும், பக்கத்து உருளைக்கிழங்குப் பாத்தியிலும் அதே கையோடு வீசினேன். தோண்டியபோது கிழங்கின் தோலெல்லாம் சொறி. பி.எச். 5.2-ஐத் தாண்டினால் அந்த நோய்க்குக் கொண்டாட்டம். மண்டியில் இரண்டாந்தரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். தேயிலைக்கோ 4.5 முதல் 5.5 வரைதான் பிடிக்கும்.

இன்னொன்று. கையடக்க மீட்டரைப் பார்த்து ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று சொல்லவும் முடியாது. மண்ணீரில் கரைந்திருக்கும் அமிலத்தை மட்டுமே அது காட்டும். களியும் மக்கும் பிடித்துவைத்திருக்கும் அமிலம் அதில் தெரியாது. எங்கள் கறுப்பு மண்ணில் மக்கு அதிகம். அதே எண் காட்டும் மணல் நிலத்தைவிட இங்கே சுண்ணாம்பு கூடுதலாகவே இழுக்கும். அந்தக் கணக்கு மண் பரிசோதனை நிலையத்தில்தான் கிடைக்கும்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். எந்தப் பயிருக்கு எந்த எண் என்பதையும் பக்கத்திலேயே அச்சிட்டால், வெட்டிக் கொட்டகைக் கதவில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
காய்கறி பயிரிடும் ஒரு வாசகி,
கோத்தகிரி.