கயல்விழியின் இரண்டு பலகைகள்: நண்பருக்கு ஒரு கடிதம்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மணிமாறனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ அனுப்பிய சிறு பொட்டலமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நீங்கள் ஜூரோங் வெஸ்ட்டில் புது வீட்டுக்குக் குடிபோனதையும், கயல்விழி பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டே தன் கையால் ஒரு ட்ரோனைக் கட்டியிருப்பதையும் படித்து மனம் நிறைந்தது. பறப்பைக் கட்டுப்படுத்தும் அதன் ஃபிளைட் கன்ட்ரோலர் பலகைகள் இரண்டு அடுத்தடுத்துப் பழுதானதில் அவள் சோர்ந்துபோயிருக்கிறாள் என்றும், மூன்றாவதை வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கித் தரலாம். ஆனால் முதல் இரண்டும் எதனால் போயின என்று தெரியாமல் மூன்றாவதை அதே இடத்தில் பொருத்தினால் அதுவும் போய்விடும். பொட்டலத்தில் நீ அனுப்பிய அந்த இரண்டு பலகைகளையும் சோதித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்துவிட்டது. இக்கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடு.

அவள் பயன்படுத்துவது 6 செல் மின்கலம். முழுமையாக மின்னேற்றினால் 25.2 வோல்ட். பலகையில் உள்ள பிஇசி என்ற மின்வழங்கிச் சுற்று அதை 5 வோல்ட்டாக இறக்குகிறது. அதற்கு அடுத்துள்ள சிறிய எல்டிஓ ரெகுலேட்டர் 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக்கி, எஸ்டிஎம்32 கட்டுப்படுத்திச் சில்லுக்கும் சுழற்சியை உணரும் கைரோவுக்கும் கொடுக்கிறது. அந்தச் சில்லு தாங்கக்கூடிய உச்ச அளவு 4.0 வோல்ட்தான். ஆகவே பிஇசி தன் உள்ளே குறுக்குச் சுற்றாகி மின்கலத்தின் அழுத்தத்தை அப்படியே கீழே விட்டுவிட்டால், எல்டிஓவும் சில்லும் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும்.

முதல் பலகையில் நடந்தது இதுதான். மின்சாரம் எதுவும் கொடுக்காமல், 3.3 வோல்ட் தடத்துக்கும் தரைக்கும் இடையே மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தேன். நல்ல பலகையில் குறைந்தது சில நூறு ஓம் காட்டும். இதில் 2 ஓம் காட்டியது. எல்டிஓவைச் சூடான காற்றால் கழற்றியபின்னும் அளவு மாறவில்லை என்பதால், பழுது அதற்கு அப்பால் இருக்கிறது என்று உறுதியாயிற்று. பிறகு மின்னோட்ட வரம்பு வைத்த மேசை மின்வழங்கியிலிருந்து அந்தத் தடத்துக்கு 1 வோல்ட் மட்டும் கொடுத்து, பலகையின்மேல் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை மெல்லத் தடவினேன். எஸ்டிஎம்32இன் மேல்பரப்பு மற்ற இடங்களுக்கு முன்பே உலர்ந்தது. அங்கேதான் வெப்பம் எழுகிறது என்பதற்கு இது போதும். பிஇசியின் உள்ளீட்டுக் காலுக்கும் வெளியீட்டுக் காலுக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய பூஜ்யம். இந்தப் பலகையைக் காப்பாற்ற இயலாது.

இரண்டாவது பலகையின் கதை வேறு. யூஎஸ்பி கம்பியைச் செருகியதும் கணினி அதை அடையாளம் கண்டுகொண்டது. பலகையைச் சாய்த்தால் திரையில் உள்ள உருவமும் சாய்ந்தது. கயல்விழி இதைப் பார்த்துவிட்டுப் பலகை நன்றாக இருப்பதாக எண்ணியிருக்கிறாள். யூஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட், பிஇசியைத் தொடாமல் ஒரு டயோடு வழியாக நேராக 5 வோல்ட் தடத்துக்குப் போய்விடுகிறது. எனவே யூஎஸ்பியில் உயிரோடு இருப்பது எல்டிஓவுக்கும் சில்லுக்கும் மட்டுமே சான்று. பிஇசியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. யூஎஸ்பியை எடுத்துவிட்டு மின்கலப் பக்கத்திலிருந்து ஊட்டியபோது 5 வோல்ட் திட்டில் (கம்பி பற்றவைக்கும் உலோகப் பரப்பில்) அழுத்தமே இல்லை. இதில் பிஇசி உள்ளே மின்பாதை அறுந்து, திறந்த நிலையில் செத்ததால் பின்னால் உள்ளவை தப்பின. தனியாக ஒரு 5 வோல்ட் பிஇசியை வாங்கி அந்தத் திட்டில் இணைத்தால் இப்பலகை மீண்டும் பறக்கும்.

உன் கடிதத்தில் ஒரு வரி எனக்கு மிகவும் உதவியது. மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஸ்மோக் ஸ்டாப்பர் என்ற பாதுகாப்புக் கருவி வழியாக இணைத்தபோதெல்லாம் எந்தக் கோளாறும் இல்லை என்றும், அதை நீக்கி மின்கலத்தை நேரடியாகச் செருகிய கணத்தில் பலகை போனது என்றும் எழுதியிருந்தாய். கம்பிகள் இடம் மாறியிருந்தாலோ, மோட்டார்த் திருகு நீண்டு சுருளில் பட்டிருந்தாலோ ஸ்மோக் ஸ்டாப்பரே காட்டிக்கொடுத்திருக்கும். அது இருக்கும்போது நலமாகவும் இல்லாதபோது சாவதுமாக ஒரு பலகை நடந்துகொண்டால், செருகும் கணத்தில் எழும் அழுத்த எழுச்சியையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த எழுச்சியைக் கயல்விழி நன்றாகப் புரிந்துகொள்வது அவசியம். மின்கலக் கம்பிகளுக்குச் சிறிதளவு தூண்டுமை, அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, உண்டு. செருகியதும் காலியாக இருக்கும் செராமிக் மின்தேக்கிகளுக்குள் மின்னோட்டம் பாய்கிறது; அவை மின்கல அழுத்தத்தை எட்டியபின்னும் கம்பியின் தூண்டுமை அந்த ஓட்டத்தை உடனே நிற்கவிடுவதில்லை. வேகமாக ஓடும் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் குழாய் அதிர்வதைப் போல, அழுத்தம் மின்கலத்தின் அளவைத் தாண்டி மேலே எழுகிறது. தணிப்பு ஏதும் இல்லாவிட்டால் அது ஏறக்குறைய இரு மடங்கு வரை போகலாம். செராமிக் மின்தேக்கிகளில் இழப்பு மிகக் குறைவு என்பதால் அவை இந்த அலைவைத் தணிப்பதில்லை. தாங்கும் அழுத்தத்தை நெருங்கும்போது அவற்றின் கொள்திறனும் பெரிதும் சுருங்கிவிடுகிறது. அவள் ட்ரோனின் கம்பிகளைப் போலவே கட்டி, அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வரைந்துகாட்டும் அலைவுகாட்டியில் பார்த்தபோது, உச்சம் 40 வோல்ட்டைத் தாண்டியது. அந்தப் பிஇசி சில்லின் உச்ச வரம்பு 30 வோல்ட். 6 செல்லுக்கு ஏற்றது என்று விற்கப்படும் பலகையில் இவ்வளவு குறுகிய இடைவெளி விட்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவள் மின்தேக்கி வைக்காமல் இல்லை. நீ அனுப்பிய படத்தில் 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி ஒன்று சட்டத்தின் பின்கோடியில், நீண்ட மெல்லிய கம்பிகளின் முனையில் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கம்பிகளே புதிய தூண்டுமையைச் சேர்த்து அதன் பயனைக் கெடுத்துவிடுகின்றன. அதை, மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியின் மின்கலத் திட்டுகளிலேயே, கால்களை இயன்றவரை குட்டையாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும். உள்தடை குறைந்த வகையாக இருக்கட்டும். இருந்தும் அதில் மிஞ்சியிருக்கும் சிறு தடைதான் அலைவைத் தணிக்கிறது. 6 செல்லுக்கு 35 வோல்ட் வகை போதும் என்பார்கள். இடம் இருந்தால் 50 வோல்ட் வகையையே நான் விரும்புவேன். ஜாலான் புசார் பக்கம் போகும்போது சிம் லிம் டவரில் விசாரித்தால் கிடைக்கும். பறக்கும்போது மோட்டார்கள் திடீரென்று வேகம் குறைகையில் மின்கலத் தடத்துக்குத் திரும்பி வரும் ஆற்றலையும் இதே மின்தேக்கி வாங்கிக்கொள்ளும். அழுத்த எழுச்சியை அடக்கும் டிவிஎஸ் டயோடு ஒன்றே போதுமா என்று அவள் கேட்கக்கூடும். 26 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட வழக்கமான டயோடு, முழு அளவு மின்துடிப்பு வரும்போது 42 வோல்ட் அளவில்தான் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகிறது. 30 வோல்ட் சில்லுக்கு அது மட்டும் காவலாகாது.

எழுச்சியை அடக்கியபின் 5 வோல்ட் தடத்தின் சுமையையும் கூட்டிப் பார்க்கச் சொல். வண்ண விளக்கு ஒவ்வொன்றும் முழு வெண்மையில் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். அவள் ஒட்டியுள்ள 16 விளக்குகளுக்கே ஏறத்தாழ 1 ஆம்பியர் ஆகிவிடுகிறது. அதன்மேல் ரிசீவர், ஜிபிஎஸ், கேமரா ஆகியவை உள்ளன. 2025 டிசம்பர் 1 முதல் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களை வெளியில் பறக்கவிட, அடையாளத்தை ஒலிபரப்பும் கருவி வேண்டும் என்று நம் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் விதித்திருப்பதால், அதுவும் இதே தடத்தில்தான் சேரும். விளக்குகளைத் தனிப் பிஇசிக்கு மாற்றுவதே நல்லது. 5 வோல்ட் தடம் தாழ்ந்தால் சில்லு நடுவானில் அணைந்து மீண்டும் தொடங்கும். பறப்புப் பதிவு காரணமின்றிப் பாதியில் அறுந்திருந்தால் அதை இதற்கான அறிகுறியாகக் கொள்ளலாம்.

நம் ஊர் ஈரப்பதத்துக்காகப் பலகையில் சிலிக்கோன் காப்புப்பூச்சு அடிக்கட்டும்; யூஎஸ்பி துளையையும் பாரோமீட்டரையும் மூடிவிடக் கூடாது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுபோனதும் மின்கலத்தைச் செருகாமல், பலகை வெளிவெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். குளிர்ந்த பலகையில் நீர் கோத்துக்கொள்ளும்.

இரண்டாவது பலகையைத் திருப்பி அனுப்புகிறேன். மின்தேக்கியை இடம் மாற்றியபின், இறக்கைகளைக் கழற்றிவிட்டு, விளக்குகள் உட்பட எல்லாவற்றையும் இயக்கி 5 வோல்ட், 3.3 வோல்ட் திட்டுகளில் வரும் அளவுகளைக் குறித்து எனக்கு எழுதச் சொல். 5 வோல்ட் திட்டில் 4.8க்குக் கீழே இறங்கினால் பறக்கவிட வேண்டாம். ட்ரோனையும் மின்கலத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை இங்கே வரட்டும், இருவருமாக அலைவுகாட்டியில் பார்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
இளங்கோ