ஆண்டறிக்கை 2024–25: இரண்டு நாள் பேய்ப்படத் திரையிடலும் வீட்டில் பார்க்க ஒரு பட்டியலும்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் அனைவருக்கும் என் வணக்கம்.

நாகர்கோவிலில் மாதம் ஒரு படம் என்று நாம் நடத்திவரும் திரையிடல்கள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. மழையால் தள்ளிப்போன திரையிடலையும் அடுத்த வாரமே நடத்திவிட்டோம். செயற்குழு முறைப்படி கூடியது, தீர்மானங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அப்புறம் வாசிப்பார். எனவே, அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு முழுக்க நடந்த பேய்ப்படத் திரையிடலைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். என்னென்ன படங்கள், ஏன் அந்த வரிசை, வீட்டில் பார்ப்பதென்றால் எவற்றைப் பார்க்கலாம் என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அது அறிக்கையிலேயே இருந்துவிட்டால் நல்லது.

இந்த யோசனை வந்தது 2024 ஆகஸ்டில். அந்த மாதம் 15ஆம் தேதி தமிழில் 'டிமான்ட்டி காலனி 2', இந்தியில் 'ஸ்த்ரீ 2' இரண்டும் ஒரே நாளில் வெளியாயின. இரண்டு நாள் கழித்து, 1993இல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' புதுப்பிக்கப்பட்ட பிரதியாக மறுபடி திரையரங்குக்கு வந்தது. செப்டம்பரில் இந்திப் படம் 'தும்பாட்' மறுவெளியீடு. ஊரெல்லாம் பேய்ப்படப் பேச்சாக இருக்கும்போது நாமும் ஒரு வார இறுதியை அதற்கு ஒதுக்கினால் என்ன என்று இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள்.

செயற்குழுவில் உடனே சம்மதம் கிடைக்கவில்லை. திரைப்படச் சங்கம் என்றால் நல்ல சினிமாவைக் காட்ட வேண்டும், அலறலும் கதவு படபடப்பும் எதற்கு என்று மூத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக நான் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை நினைவுபடுத்தினேன். அங்கே பேய் கிடையாது. இருட்டும் கிடையாது. நாகேஷின் குரலும் அவர் எழுப்பும் சத்தங்களும், கேட்கக் கேட்க மாறுகிற பாலையாவின் முகமும்தான். அறுபது வருடமாகச் சிரிக்கிறோம், ஆனால் அந்தக் காட்சி நடப்பதே பயம் எப்படி உண்டாகிறது என்ற அறிவின் மேல்தான். ஒரு சத்தம், அடுத்தது என்ன என்ற காத்திருப்பு, அதைக் கேட்கும் ஒருவரின் முகம். இந்த மூன்றையும் சரியாகக் கையாள்பவர் சினிமா தெரிந்தவர். அதற்கு அப்புறம் யாரும் மறுக்கவில்லை.

அந்தப் படத்தின் இயக்குநர் ஸ்ரீதர், ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட். இதே இருவரும் அதற்கு முந்தைய ஆண்டு செய்த படம் 'நெஞ்சம் மறப்பதில்லை'. அதுவே எங்கள் தொடக்கப் படமானது. 1964இல் வின்சென்ட் மலையாளத்தில் முதன்முதலாக இயக்கிய 'பார்கவி நிலையம்' வந்தது. வைக்கம் முகம்மது பஷீர் தன் சிறுகதையிலிருந்து தானே திரைக்கதை எழுதிக் கொடுத்த பேய்வீட்டுப் படம். தமிழில் இருட்டு மாளிகையைப் படம்பிடித்தவர், அடுத்த ஆண்டே ஒருபக்கம் தமிழின் ஆகப் பிரகாசமான நகைச்சுவைப் படத்தையும் மறுபக்கம் மலையாளத்தின் பேய்வீட்டையும் தந்திருக்கிறார். இரு மொழியும் புழங்கும் நம் மாவட்டத்தில் இவரை இன்னும் அதிகமாகக் கொண்டாட வேண்டும் என்பது என் கருத்து.

படத் தேர்வுக்கு ஒரே ஓர் அளவுகோல் வைத்தோம். பேயைக் காட்டிப் பயமுறுத்தும் படம் அந்த நொடியோடு முடிந்துவிடும். நாம் தினமும் புழங்கும் இடத்தின் மேல் சந்தேகம் வரவைக்கும் படம்தான் வீடுவரை கூட வரும். ஆகவே வீடுகளைப் பற்றிய படங்களாக எடுத்தோம்.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் பார்க்க வாங்கிய டிவிடியையோ ஓடிடி சந்தாவையோ வைத்துக்கொண்டு அரங்கில் படம் காட்டக் கூடாது. உரிமை வைத்திருப்பவர்களுக்கு எழுதிக் கேட்டோம். பதில் வராத படங்களைத் திரையிடவில்லை, அவை கீழே வீட்டுப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அது முடிந்த பழைய படம் என்றாலும் அதன் கதைக்கும் பாட்டுக்கும் எழுதியவர் வழியில் தனி உரிமை இருக்கும், அது அவர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். பழைய படம்தானே என்று யாரும் அவசரப்பட்டு அறிவித்துவிட வேண்டாம்.

சனிக்கிழமை மாலை 'நெஞ்சம் மறப்பதில்லை'. முதல் படமாக இதை வைத்ததற்குக் காரணம், மூத்தவர்கள் வந்து பார்த்துவிட்டு நேரத்தோடு வீடு திரும்பலாம். பாழடைந்த ஜமீன் வீடு, முற்பிறவி நினைவு, தலைமுறை கடந்தும் பகை தீராத கிழ ஜமீன்தாராக நம்பியார். இன்றைய பிள்ளைகளுக்கு இது பயமாக இருக்குமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் அந்தக் கிழவரின் முகம் அண்மைக் காட்சியில் வந்தபோது முன்வரிசைக் கல்லூரி மாணவர்கள் அசையாமல் இருந்தார்கள். தலைப்புப் பாட்டுக்கு அரங்கமே கூடப் பாடியது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 'பீட்சா' (2012). கார்த்திக் சுப்பராஜின் முதல் படம். பீட்சா கொடுக்கப் போன இளைஞன் ஒரு பங்களாவுக்குள் மாட்டிக்கொள்கிறான், கையில் ஒரு டார்ச் மட்டும். படத்தின் நடுப்பகுதி முழுக்க அந்த வெளிச்ச வட்டத்துக்குள் என்ன வருகிறது, என்ன வராமல் இருக்கிறது என்பதுதான். விஜய் சேதுபதியின் மூச்சு வாங்கலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். முடிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஏற்கனவே பார்த்தவர்கள் அன்று வாயைத் திறக்காமல் இருந்ததற்கு நன்றி.

நள்ளிரவில் சுக்குக் காப்பியும் பழ பஜ்ஜியும். அதன்பின் 'காஞ்சனா' (2011). தொடர் திரையிடலில் நள்ளிரவுக்குச் சிரிப்புப் பேயைத்தான் வைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இரண்டு படம் இறுக்கமாகப் பார்த்தவர்களுக்கு மூன்றாவதும் இறுக்கமாக வந்தால் மனம் மரத்துப்போகும், பயமே வராது. இருட்டில் தனியே போக அம்மாவைத் துணைக்குக் கூப்பிடும் நாயகனைப் பார்த்து அரங்கம் குலுங்கியது. ஆனால் இந்தப் படம் மனதில் நின்றது சரத்குமார் வரும் பகுதியால். தன்னைப் பெற்றவர்கள் துரத்திவிட்ட ஒரு திருநங்கை இன்னொரு திருநங்கையை மருத்துவம் படிக்க வைக்கிறார். அவருக்கு நடந்த கொடுமையைப் பார்த்தபின் யாருக்கும் பேய் மேல் பயம் இல்லை, கொன்றவர்கள் மேல்தான் கோபம். அதே படத்தில் திருநங்கைகளைச் சிரிப்புக்குப் பயன்படுத்தும் இடங்களும் இருப்பதைப் பெண் உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரி, பதிவேட்டிலும் எழுதியிருக்கிறோம்.

விடியலுக்கு முன் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968). ஜார்ஜ் ரொமெரோ மிகக் குறைந்த செலவில் பென்சில்வேனியாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வெளியீட்டுக்கு முன் பெயரை மாற்றியபோது புதிய தலைப்பு அட்டையில் பதிப்புரிமைக் குறிப்பை விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனாலேயே உரிமை போய்விட்டது. உலகெங்கும் சிறிய சங்கங்கள் இதைத் தைரியமாகத் திரையிடுவதற்கு அது ஒரு காரணம். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர், வெளியே செத்து எழுந்தவர்கள். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்பாததுதான் வெளியே நிற்பவர்களைவிட ஆபத்தாகிறது. நாயகன் வேடத்தில் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். 1968இல் அது எளிதில் காண முடியாத விஷயம். கடைசி ஐந்து நிமிடத்துக்குப் பிறகு யாரும் கைதட்டவில்லை. அமைதியாக எழுந்து வெளியே போய் நின்றோம்.

ஞாயிறு மதியம் 'ஈரம்' (2009). அறிவழகன் இயக்கியது, ஒளிப்பதிவு மனோஜ் பரமஹம்சா. இதில் பேய்க்கு உருவம் தண்ணீர். குழாய்ச் சொட்டு, கண்ணாடியில் படியும் ஈரம், மழை, இவைதான் எச்சரிக்கை. சாம்பல் படிந்த நிறத்தில் போகும் படத்தில் சிவப்பு மட்டும் தனித்துத் தெரியும், கவனித்துப் பாருங்கள். நம் மாவட்டத்து அக்டோபர் மழை அரங்கின் ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தபோது இதைப் பார்த்தது யாரும் திட்டமிட்டதல்ல.

அடுத்து 'யாவரும் நலம்' (2009), விக்ரம் குமார் இயக்கியது. புது ஃபிளாட்டுக்குக் குடிவந்த குடும்பத்தின் பெண்கள் தினமும் மதியம் ஒரு தொடர் பார்க்கிறார்கள். அந்தத் தொடரில் நடப்பது அந்தக் குடும்பத்துக்கே நடக்கிறது. லிஃப்ட் மாதவன் ஏறினால் மட்டும் நகராது. இவ்வளவுதான் தொடக்கம். பட்டப்பகலில், நல்ல வெளிச்சத்தில், பூஜையறையும் சமையலறையும் உள்ள வீட்டில் பயத்தை உண்டாக்கியிருக்கிறார்கள், ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். தமிழில் பேய்ப்படம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நிறைவுப் படம் 'மணிச்சித்திரத்தாழ்'. ஃபாசில் இயக்கம், மது முட்டம் எழுத்து, ஷோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த நடிப்பு. இதில் பேயே கிடையாது, மனநோயின் கதை. ஆனாலும் முந்தைய ஆறு படங்களில் வந்த எதைவிடவும் கூர்மையாக ஒரு குரல் இதில் பயமுறுத்துகிறது. அந்தக் குரல் தமிழ் பேசுகிறது. மலையாளத் தறவாட்டில், அதாவது பரம்பரை வீட்டில், முன்னொரு காலத்தில் அடைபட்ட நாகவல்லி தஞ்சாவூர் நாட்டியக்காரி; ஷோபனாவின் பாத்திரம் தன்னை அவளாகவே நினைத்துக்கொள்கிறது. நாம் பார்க்கும்போது மட்டும் இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு: மலையாளிக்கு அந்நியமாக ஒலிக்கும் அந்தத் தமிழ் நமக்கு வீட்டு மொழி. எல்லோரும் அவளைக் கண்டு அஞ்சும்போது நமக்கு அவள் சொல்வது புரிகிறது, அவள் பக்கம் மனம் சாய்கிறது. இதே கதை தமிழுக்கு வந்து 'சந்திரமுகி' (2005) ஆனபோது அவள் தெலுங்கு பேசினாள். இந்தி 'பூல் புலையா'வில் (2007) வங்காளம். ஒவ்வொரு ஊரும் தன் மாளிகைக்குள் அடைத்துவைத்தது இன்னொரு மொழிக்காரியைத்தான். படம் முடிந்ததும் அரங்கில் நடந்த விவாதம் இதைப் பற்றியே நெடுநேரம் ஓடியது. இந்த ஆண்டு நம் சங்கத்தில் நடந்த சிறந்த உரையாடல் அதுதான்.

படத்தில் வரும் மாளிகைக் காட்சிகளில் ஒரு பகுதி தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டது, மற்றொரு பகுதி திருப்பூணித்துறை ஹில் பேலஸில். அடுத்த ஞாயிறு விருப்பமுள்ளவர்கள் குழுவாகப் பத்மநாபபுரம் போய்வந்தோம். மரச்சட்டங்களின் வழியே கீற்றுக் கீற்றாக வரும் வெளிச்சத்தையும் கறுத்துப் பளபளக்கும் தரையையும் நேரில் பார்த்தால் இயக்குநர் ஏன் அங்கே வந்தார் என்று புரியும். போக நினைப்பவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை.

அரங்கில் காட்ட முடியாமல் போனவற்றில் வீட்டில் பார்க்க வேண்டியவை. 'பிரமயுகம்' (2024): ராகுல் சதாசிவன் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. ஒரு மாளிகை, ஒரு பாணர், ஒரு சமையற்காரர், மம்மூட்டி. அவர் சிரிக்கும்போதுதான் அதிகப் பயம். அதே இயக்குநரின் 'பூதகாலம்' (2022) ரேவதி நடித்தது, தனியே பார்க்க வேண்டாம். 'தும்பாட்' (2018) பேராசையின் கதை, அதன் மழையைப் பெரிய திரையில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மிஷ்கினின் 'பிசாசு' (2014) பயத்தைவிடத் துக்கத்தைக் கொடுக்கும், எனக்கு மிகப் பிடித்தது. வெளிநாட்டுப் படங்களில் 'தி அதர்ஸ்' (2001), வெளிச்சம் படக்கூடாத இரண்டு குழந்தைகளோடு திரைச்சீலை மூடிய வீட்டில் ஒரு தாய். ஜப்பானின் 'ரிங்கு' (1998) 'யாவரும் நலம்' பார்த்த மறுநாள் பொருத்தம், இரண்டிலும் ஆபத்து டிவி வழியாக வருகிறது. இளைஞர்கள் கூடிப் பார்க்க 'ட்ரெயின் டு பூசான்' (2016), ஓடும் ரயிலில் இடைவெளியே இல்லாத ஓட்டம்.

நண்பர்களோடு வீட்டில் பார்ப்பவர்கள் ஒரே இரவில் மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். மெதுவாக நகரும் படத்தை முதலில் போடுங்கள், நடுவில் சிரிப்பு, கடைசியில் மிக வலுவானது. பிரமயுகம் மாதிரி இருள் நிறைந்த படங்களைப் பகல் வெளிச்சம் விழும் அறையில் பார்த்தால் பாதி தெரியாது. டிவியின் சொந்த ஸ்பீக்கரை நம்ப வேண்டாம், ஒரு சாதாரண வெளி ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ போதும், படம் வேறாகிவிடும். இடையில் நிறுத்தி போன் பார்த்தால் அதுவரை சேர்ந்த பயம் கலைந்துபோகும். யாராவது போதும் என்று எழுந்தால் கேலி செய்யாமல் விடுங்கள். நம் அரங்கிலும் அதை விதியாகவே வைத்திருந்தோம். ஏ சான்றிதழ் படங்களுக்குப் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை அனுமதிக்கவில்லை, இனியும் அப்படியே.

ஒலிபெருக்கிகளைத் தந்து உதவியவர்களுக்கும், இரவு முழுக்கக் காப்பி கலந்த மகளிர் குழுவுக்கும், திங்கள் காலை அரங்கைக் கழுவித் தந்த பணியாளர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: 'பார்கவி நிலையம்' படத்துக்கு அனுமதி பெற்று வின்சென்ட்டுக்கென ஒரு மாலை நடத்துவது, அரங்குக்குச் சொந்தமாக ஒரு புரொஜெக்டர் வாங்க நிதி திரட்டுவது, பேய்ப்பட வார இறுதியை ஆண்டுதோறும் மழைக்காலத்திலேயே வைத்துக்கொள்வது. இவற்றின் மீது உறுப்பினர்கள் கருத்துச் சொல்லவும், இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்